மாங்காயா, மாம்பழமா? – ‘சுவாமியும் நண்பர்களும்’ நாவலும் இளம் வாசகர் வினாக்களும்

குழந்தை இலக்கியம் குறித்துத் தமிழில் நிகழ்ந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் எழுதியவரை நோக்கியே அமைந்துள்ளன. படித்த குழந்தையை நோக்கி அவை திரும்புவது அரிது. அழ. வள்ளியப்பா முன்னின்று 1950-இல் தொடங்கிய குழந்தை எழுத்தாளர் சங்கம், 1972-இல் வெளிவரத் தொடங்கிய ‘கோகுலம்’ இதழ், 2010 முதல் சாகித்திய அகாதெமி வழங்கிவரும் பால சாகித்திய விருது ஆகியவை இத்துறைக்குச் செய்த தொண்டு பெரிது. ஆயினும் எது நல்ல சிறுவர் நாவல் என்று தீர்ப்பளிக்கும் இடத்தில் எப்போதும் பெரியவரே அமர்ந்திருக்கின்றனர். 1936-இல் இலண்டன் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், டோல்கீனின் ‘ஹாபிட்’ தட்டச்சுப்படியைத் தம் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்து, ஒரு ஷில்லிங் கூலியும் தந்து, கருத்தெழுதி வாங்கிய பின்னரே நூலை அச்சுக்கு ஏற்றார் என்பது பதிப்புலக வரலாறு. அந்தச் சிறுவன் எழுதியது சில வரிகளே, பிழைகளும் இருந்தன. எனினும் அது ஒரு திறனாய்வாக மதிக்கப்பட்டது.

இளையோர் கூடிப் பேசிப் படிப்பதன் பயனைத் தமிழிலக்கண மரபு அறியாததன்று. ஆசிரியர் உரைப்பதை எவ்வளவு செம்மையாகக் கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது கால் பங்கே என்றும், உடன் பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு வரும் என்றும், எஞ்சிய பாதி பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிரம்பும் என்றும் நன்னூல் பொதுப்பாயிரம் கணக்கிட்டுக் காட்டுகிறது. (அந்நூலைச் செய்வித்த சீயகங்கன் கங்க மரபினன் என்பதும், கங்கர் ஆண்ட கோலார், மைசூர் வட்டாரங்கள் பெங்களூரைச் சூழ்ந்தவை என்பதும் இங்குள்ள தமிழாசிரியர்கள் மகிழ்ந்து சொல்லும் செய்தி.) பவணந்தியாரின் கணக்கு இலக்கணக் கல்விக்கு உரியது. கதை வாசிப்புக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதை ஒரு நாவலைக் கொண்டு காண முற்படுகிறது இக்கட்டுரை.

எடுத்துக்கொண்ட நாவல் ஆர்.கே. நாராயணின் ‘சுவாமியும் நண்பர்களும்’. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நாவலைத் தமிழாய்விதழில் பேசுவதற்குக் காரணம் உண்டு. இது பெங்களூரில் பிறந்த நூல். 1930-இல் தம் பாட்டி தேர்ந்துகொடுத்த ஒரு நல்ல நாளில் பெங்களூரில் ஒரு பயிற்சி ஏடு வாங்கி முதல் வரியை எழுதியதாக நாராயண் தம் தன்வரலாற்றில் குறிக்கிறார். மால்குடி என்பது மல்லேசுவரம், பசவனகுடி என்னும் இரு பெயர்களின் சேர்க்கை என்று பெங்களூர்வாசிகள் சொல்வதுண்டு. நாராயண் சொல்வதோ ஒரு சிறு ரயில் நிலையம் மனக்கண்ணில் தோன்றியதை மட்டுமே. சென்னையில் பிறந்து, புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்து, மைசூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தவர் ஒருவர், கன்னட நாட்டுத் தலைநகரில் இருந்துகொண்டு, ஆங்கிலத்தில் எழுதிய தமிழ்ச் சிறுவன் கதை இது. பெங்களூரில் இன்று வளரும் தமிழ்ப் பிள்ளையும் அதே முக்கூட்டு வழியில்தான் நிற்கிறது: வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். தமிழ் எழுத்தறியாத பிள்ளைகளும் இவர்களுள் பலர். இத்தகைய வாசகர் இந்நாவலை ஆங்கிலத்தில் படிக்கும்போது கேட்கும் கேள்விகள், நாவலுக்குள் புதைந்துள்ள தமிழைத் தோண்டி எடுக்கின்றன என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

நாவல் சிறுவர்க்கென எழுதப்பட்டதன்று. பதிப்பாளர் பலர் மறுத்த கையெழுத்துப்படி ஆக்ஸ்போர்டிலிருந்த நண்பர் பூர்ணாவின் வழியாகக் கிரகாம் கிரீனை அடைந்து, அவர் முயற்சியால் 1935-இல் ஹாமிஷ் ஹாமில்டன் வெளியீடாக வந்தது. கிப்ளிங்கின் பள்ளிக் கதைநூலின் தலைப்பை நினைவூட்டும்படி இன்றைய தலைப்பைத் தந்தவரும் கிரீனே. நாராயணசுவாமி என்னும் பெயரை நாராயண் எனக் குறுக்கச் செய்தவரும் அவரே. ஆசிரியர் இழந்த ‘சுவாமி’ நூலட்டையில் சிறுவனுக்கு உரியதாக நின்றுவிட்டது. பின்னர், சற்றே சுருக்கப்பட்ட வடிவில் இரு கதைகள் சேர்க்கப்பட்டுச் சிறுவர் பதிப்பாகவும் இது வந்தது. 1980-களின் பிற்பகுதியில் தூர்தர்சனில் சங்கர் நாக் இயக்கிய ‘மால்குடி டேஸ்’ தொடர் நாவலை வீடுதோறும் கொண்டுசென்றது. ஆகும்பேயில் படமாக்கப்பட்ட அத்தொடரில் சுவாமியாக நடித்த மஞ்சுநாத்தின் முகமே பலருக்குச் சுவாமியின் முகம், எல். வைத்தியநாதனின் இசையே மால்குடியின் ஓசை. கருநாடகப் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்ற சிறுகதை ஒன்றின் வழியாகவும், தந்தையின் அறையில் தனியே உறங்கித் திருடனின் காலைக் கடித்த சுவாமியை இம்மாநிலப் பிள்ளைகள் அறிவர். இவ்வாறு வளர்ந்தோர் நூல் சிறுவர் நூலாக மாறியதில் வாசகரின் பங்கு பெரிது.

இனி வரும் வினாக்கள் கணக்கெடுப்பால் தொகுத்தவை அல்ல. பிள்ளைகளோடு அமர்ந்து இந்நாவலைப் படிக்கும் எவரும் எதிர்பார்க்கத்தக்கவை. அவற்றின் வன்மை அவற்றைக் கேட்பவரின் எண்ணிக்கையில் இல்லை; நாவலின் பாடத்தில் அவை சென்று தைக்கும் இடத்தில் உள்ளது.

மாங்கணக்கு

விடுமுறையில் ஒரு நாள் தந்தை சுவாமியை அழைத்துக் கணக்குக் கொடுக்கிறார். ராமனிடம் பத்து மாங்கனிகள். அவற்றை விற்றுப் பதினைந்து அணா ஈட்ட விரும்புகிறான். கிருஷ்ணனுக்கு வேண்டியவை நான்கே. கிருஷ்ணன் தர வேண்டியது எவ்வளவு? சுவாமிக்குக் கணக்கு கணக்காகத் தெரியவில்லை, கதையாகத் தெரிகிறது. ராமன் யார், கிருஷ்ணன் எத்தகையவன் என்று எண்ணத் தொடங்குகிறான். பின்பு தந்தையிடம், அந்தப் பழங்கள் பழுத்தவையா என்று கேட்கிறான். தந்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு, முதலில் கணக்கைப் போடு, பழுத்தவையா இல்லையா என்பதைப் பிறகு சொல்கிறேன் என்கிறார்.

ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்க்கு இது குழந்தையின் கள்ளமின்மையைக் காட்டும் நகைச்சுவை. பலரும் அவ்வாறே பாராட்டிச் செல்வர். தமிழ்ப் பிள்ளை ஒன்று இவ்விடத்தில், “பழமா காயா என்று கணக்கிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?” என்று கேட்குமானால், அது சிரிப்பதற்காகக் கேட்டதாகாது. தமிழில் இக்கணக்கை எழுதிப் பார்த்தால் உண்மை விளங்கும். மாங்காய் என்று எழுத வேண்டும். அல்லது மாம்பழம் என்று எழுத வேண்டும். இரண்டுக்கும் பொதுவாய் நின்று விற்பனைக்கு வரும் ஒரு சொல் நம் பேச்சு வழக்கில் இல்லை. மேலே கணக்கை எடுத்துரைத்தபோது இக்கட்டுரையும் ‘மாங்கனி’ என்று எழுதிச் சுவாமியின் வினாவுக்கு விடை சொல்லிவிட்டதைக் கூர்ந்து படிப்போர் கண்டிருப்பர். கன்னடத்திலும் ‘மாவினகாயி’, ‘மாவினஹண்ணு’ என இரண்டே. தொல்காப்பிய மரபியல் மரப்புல் உறுப்புகளை அடுக்கும்போது காயையும் பழத்தையும் தனித்தனிப் பெயர்களாகவே எண்ணுகிறது. கனி இருக்கக் காயைக் கவரும் பேதைமையை வள்ளுவர் உவமையாக்க முடிந்ததும் இவ்விரண்டும் வேறு வேறு பொருள்கள் என்று மொழியே பிரித்துவைத்திருப்பதால்தான். ஆங்கிலச் சொல்லோ இரண்டையும் ஒன்றாக்குகிறது. பழுத்தது, பழுக்காதது என்பதை அடைமொழி கொண்டே சொல்ல வேண்டும். கணக்குப் புத்தகம் அடைமொழி தருவதில்லை.

ஆகவே சுவாமியின் வினா கணக்கிலிருந்து மனம் விலகியதன் அடையாளம் என்று மட்டும் கொள்வது போதாது. தமிழில் எண்ணும் ஒருவன் ஆங்கிலத் தொடரைப் படிக்கும்போது அவன் மொழி நிரப்பக் கோரும் ஓர் இடம் வெற்றாக இருப்பதைக் கண்டு கேட்ட வினா அது. பொருளியல் நோக்கிலும் அது அறிவுடைய வினா. காய்க்கு ஒரு விலை, பழத்துக்கு ஒரு விலை. ஊறுகாய்க்கு வாங்குவோர் நான்கு காய்களோடு நிற்பதில்லை. உண்பதற்கு வாங்குவோரே நான்கு கேட்பர். கிருஷ்ணன் நான்கு கேட்டான் என்பதிலிருந்தே அவை பழங்கள் என்று ஊகிக்கும் பிள்ளை, விடை ஆறு அணா என்று சொல்லும் பிள்ளையினும் குறைந்த வாசகன் ஆகான். நாவலில் இறுதியில் சுவாமியும் அந்த விடைக்கு வந்து சேர்கிறான். காது திருகப்பட்டு, அழுதுகொண்டே.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர்க்கு நேரும் இடர்ப்பாடு சுவையானது. ‘மாம்பழம்’ என்று பெயர்த்தால் சுவாமியின் வினா மடமையாகிவிடும். சொன்னதையே கேட்கிறான் என்றாகும். ‘மாங்காய்’ என்றாலும் அவ்வாறே. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் அப்படியே இட்டால் வினா பிழைக்கும், நடை கெடும். ஆங்கிலத்தில் இருக்கும் வரை தமிழனாக இருந்த சிறுவன், தமிழுக்குக் கொண்டுவரும்போது வாயடைத்துப் போகிறான். தமிழிலக்கியக் கல்வியில் மொழிபெயர்ப்புப் பாடம் நடத்துவோர் இப்பகுதியை மாணவர்க்குப் பயிற்சியாகத் தரலாம். எந்தத் தீர்வும் முழுமையாக அமையாது என்பதே அதன் பயன்.

வாலும் ராஜமும்

காவல் துறைக் கண்காணிப்பாளரின் மகன் ராஜம் பள்ளிக்கு வந்ததும் நட்பு வட்டம் கலைகிறது. ராஜத்தோடு சுவாமி நெருங்கியதும் பழைய தோழர்களாகிய சோமு, சங்கர், ‘பட்டாணி’ எனப் பட்டப்பெயர் பெற்ற சாமுவேல் ஆகியோர் அவனுக்கு ஒரு பெயர் சூட்டுகின்றனர்: வால். ஆங்கிலத்தில் இது ராஜத்தின் பின்னே தொங்குபவன் என்று மட்டும் பொருள்படும். தமிழ்ப் பிள்ளைக்கு உடனே இரு பொருள்கள் தோன்றும். குறும்பு செய்யும் பிள்ளையை வால் என்கிறோம். செல்வாக்குடையவரை அண்டி நிற்பவனை வால்பிடிப்பவன் என்கிறோம். தோழர்களின் ஏளனம் இரண்டாம் பொருளின் மீது நிற்பது. ராஜத்தின் தந்தையின் பதவியும், அவன் உடையும், ஐரோப்பியரைப் போன்று அவன் பேசியமையால் வகுப்பில் பலர்க்கும் புரியாத ஆங்கிலமும் சுவாமியை ஈர்த்தன. ‘வால்பிடித்தல்’ என்னும் வழக்கை அறிந்த வாசகருக்கு, பொறாமையால் எழுந்த வெற்றுக் கேலியாக அது தோன்றாது. ஓரளவு மெய்யான குற்றச்சாட்டாகத் தோன்றும். சுவாமி அவ்வளவு கலங்கியதும் அதனால்தான்.

‘ராஜம் பையனா, பெண்ணா?’ என்பது இக்காலப் பிள்ளைகளிடம் எதிர்பார்க்கத்தக்க மற்றொரு கேள்வி. ராஜம் இன்று பெண்பெயராகவே பெரிதும் வழங்குகிறது. ராஜமையர் போன்ற பெயர்களின் குறுக்கமாக ஆணுக்கும் அது வழங்கிய காலம் மறைந்துவிட்டது. சில பக்கங்கள் வரை ராஜத்தைச் சிறுமியாகவே எண்ணிப் படிக்கும் பிள்ளைக்குச் சுவாமியின் மயக்கம் வேறு விதமாகத் தோன்றக்கூடும். அதைத் தவறு என்று திருத்திவிட்டு நகர்வதே வழக்கம்.

மணியும் ராஜமும் பகைவராய் நின்று நண்பரான நிகழ்ச்சி, விளிச்சொற்களை எண்ணிப் பார்க்கத் தூண்டுவது. நேருக்கு நேர் நிற்கும்போதும் இருவரும் பேசாமல் சுவாமியை இடைநின்று பேசவைக்கின்றனர். ஆற்றங்கரை நல்லப்பா தோப்பில் சந்தித்துச் சண்டை சமாதானமாகி, ராஜம் பிஸ்கட் எடுத்துத் தருகிறான். மணி ‘டேய்’ என்றிருப்பானா? முதல் நாளில் சுவாமி ராஜத்தை ‘நீ’ என்றானா, ‘நீங்கள்’ என்றானா? தந்தையிடம் எவ்வாறு பேசினான்? ஆங்கிலத்தின் ஒற்றை முன்னிலைச் சொல் இவை எல்லாவற்றையும் மறைத்து வைக்கிறது. அப்பாவை ‘நீ’ என்றழைக்கும் வீட்டுப் பிள்ளை சுவாமியின் தந்தையைச் சற்று மென்மையானவராகக் காண்கிறது; ‘நீங்கள்’ என்றழைக்கும் வீட்டுப் பிள்ளை அவரைக் கண்டு அஞ்சுகிறது. இரண்டும் நாவலுக்கு இயைந்தனவே. மாங்கணக்கில் காதைத் திருகியவர்தாம், பின்னர் மகன் காணாமற்போனபோது இரவில் ஆற்றங்கரையிலும் இருப்புப்பாதையிலும் அஞ்சி அஞ்சித் தேடி அலைகிறார்.

பாட்டியின் எலுமிச்சம்பழம்

குடும்பத்தைப் பற்றிய இளம் வாசகரின் பேச்சு பெரும்பாலும் பாட்டியைச் சுற்றியே வரும். இந்நாவலில் அவருக்குப் பெயர் இல்லை; தீராத கதைகள் உண்டு. சுவாமி ராஜத்தின் பெருமையைச் சொல்லத் தொடங்கினால் அவர் தாத்தா பெற்ற பதக்கத்தைச் சொல்வார். அரிச்சந்திரன் கதையைத் தொடங்குவார். இருவரும் ஒருவர்க்கொருவர் கதை சொல்கின்றனர். ஒருவர் கதையை மற்றவர் கேட்பதில்லை. இதில் துயரம் ஏதும் இல்லை என்பதுதான் நாராயணின் நுட்பம்.

வயிற்றுவலியால் துன்புறும் பாட்டி ஓர் எலுமிச்சம்பழம் வாங்கிவரக் கேட்கிறார். விளையாட்டுக்கு விரையும் சுவாமி நேரமில்லை என்று ஓடிவிடுகிறான். பின்பு மனம் உறுத்துகிறது. திரும்பி வந்து நலம் கேட்கிறான். கிரிக்கெட் என்றால் என்ன என்று பாட்டிக்குத் தெரியவில்லை என்று அறிந்ததும் அதிர்ச்சியடைந்து, அவருக்குப் பாடம் சொல்லத் தொடங்குகிறான். அதுவரை கதை கேட்டவன் ஆசானாகிறான். நன்னூலார் சொன்ன அந்த மிகுதிப் பாதி இதுவே. பிறர்க்கு உரைக்கும்போது அவன் முகத்தில் ஏறும் மிடுக்கைக் காணவேண்டும். நாராயணுக்கு எழுத நாள் பார்த்துக் கொடுத்த பாட்டி இப்பகுதியைப் படித்தாரா என்று வினவும் பிள்ளையும் இருக்கலாம். ஆய்வாளர்கள் இதுவரை கேட்டிராத நல்ல கேள்வி அது.

எலுமிச்சம்பழத்தைப் பற்றிப் பெரியவர்கள் எழுதும் பாடக்குறிப்பு எப்படி அமையும் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கது: மூத்தோரைப் பேண வேண்டும். நாவலாசிரியர் இக்குறிப்பெழுதும் மனப்பான்மையை முன்னரே கண்டுகொண்டவர். ஆண்டுத் தேர்வுக் காட்சியில் ஒரு வினா வருகிறது. பொற்காப்பு தருவதாகக் கூப்பிட்ட புலியை நம்பிச் சென்று உயிரிழந்த பிராமணன் கதையின் நீதி யாது? அக்கதையில் நீதி இருக்கிறது என்று சுவாமி அதுவரை எண்ணியதில்லை. வினாத்தாள் கேட்பதால் இருந்தாக வேண்டும் என்று கொள்கிறான். பொற்காப்பைப் புலி கொடுத்தால் வாங்கக் கூடாது என்பதா, பொற்காப்பின் மேல் வைத்த ஆசை உயிரைக் கொல்லும் என்பதா என்று சற்றே தடுமாறி, இரண்டாவதை ஒரே வரியில் எழுதி முடிக்கிறான். மற்றவர் பல வரிகள் எழுதியிருப்பது பின்னரே தெரிகிறது. தமிழ்ச் சிறுவர் நாவல்களைக் குறித்த நம் ஆய்வேடுகளில் ‘நாவல் உணர்த்தும் அறக்கருத்துகள்’ என்னும் இயல் இல்லாதது அரிது. அந்த இயலை எழுதும் ஒவ்வொருவரும் சுவாமியின் இவ்விடையை ஒருமுறை படித்துவிட்டு எழுதலாம். முதல் விடையே கதைக்கு நெருக்கமானது என்று வாதிடும் பிள்ளைகள் இருப்பர். அவர்கள் பக்கமே இக்கட்டுரையாளரும் சாய்கிறார். கதையில் புலி உள்ளது, காப்பு உள்ளது. ஆசை என்பது உரையாசிரியர் சேர்த்தது.

பள்ளியை நோக்கி நாராயண் கொண்ட இவ்வருத்தம் நகைச்சுவையோடு நின்றுவிடவில்லை. மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக 1989-இல் பேசியபோது பிள்ளைகளின் முதுகை அழுத்தும் புத்தகப் பையைப் பற்றியே அவர் பேசினார். அவ்வுரை நாடெங்கும் கவனம் பெற்றது. பின்னர் அமைந்த யஷ்பால் குழு 1993-இல் சுமையற்ற கல்வி குறித்த தன் அறிக்கையை அளித்தது. எடையைக் குறைப்பது பற்றியே அதன் பின் பெரிதும் பேசினர். பழமா காயா என்று கேட்கும் பிள்ளைக்கு வகுப்பில் எத்தனை நிமிடம் தரலாம் என்பது எடைக்கு அப்பாற்பட்ட சிக்கல்.

ஓர் இடைக்குறிப்பு. மால்குடி மக்கள் சரயு ஆற்றங்கரையில் கூடி அயல்நாட்டுத் துணியை எரித்த நாளாக நாவல் குறிப்பது 1930 ஆகஸ்டு 15. சுவாமியின் தொப்பியும் அந்தத் தீயில் எரிகிறது. ‘இது சுதந்திர நாளாயிற்றே’ என்று துள்ளும் பிள்ளைக்கு, நூல் 1935-இல் அச்சாயிற்று என்று சொன்னால் வியப்பு மேலும் பெருகும். தற்செயலுக்கு மேல் அதில் ஒன்றும் இல்லை; எனினும் நாவலில் வரும் தேதியை நின்று கவனித்துப் படித்தவர் யார் என்பது தெரிந்துவிடும்.

ரயில் புறப்பட்ட பின்

நாவலின் முடிவே இளம் வாசகரைப் பிரிக்கும் இடம். கிரிக்கெட் பயிற்சிக்காக உடற்பயிற்சி வகுப்பைத் தவிர்த்தவனுக்கு, தலைமையாசிரியரிடம் பேசுவதாக மருத்துவர் சொன்ன சொல்லே காப்பு. அவர் பேசவில்லை. பிரம்படிக்கு அஞ்சிப் பள்ளியை விட்டோடிய சுவாமி மேம்பிக் காட்டில் வழி தவறுகிறான். மீட்கப்பட்டுத் திரும்புவதற்குள் போட்டி முடிந்து அணி தோற்றுவிட்டது. ராஜம் அவனோடு பேச மறுக்கிறான். தந்தையின் மாற்றலால் ராஜத்தின் குடும்பம் ஊரை விட்டுச் செல்கிறது.

‘யார் மேல் தவறு?’ என்று கேட்டால் பெரியவர்கள் குடியேற்ற ஆட்சிக் காலப் பள்ளி, வர்க்க வேறுபாடு என்று தொடங்குவர், அவை பொய்யல்ல. பிள்ளைகளின் கோபம் மருத்துவர் மேலும் ராஜத்தின் மேலும் பாய்வதே இயல்பு. திருக்குறள் நட்பைத் தொடர்ந்து ஐந்து அதிகாரங்களில் பேசுகிறது. நட்பாராய்தலுக்கு அடுத்து அது வைப்பது ‘பழைமை’. பழகிய நண்பர் உரிமையால் செய்த பிழையைப் பொறுத்தல் என்பது அதன் பொருள். ராஜம் நட்பாராய்தலில் தேர்ந்தவன். யாரை அணியில் சேர்ப்பது, யாரை விலக்குவது என்பது அவனுக்குத் தெரியும். பழைமை அவனிடம் இல்லை. முரடன் என்று அறிமுகமான மணியிடம் அது இருக்கிறது. குடும்பத்தினரின் பிணைப்பில் இந்தப் பொறுத்தல் கேளாமலே கிடைக்கிறது: எலுமிச்சம்பழம் வாங்கித் தராத பேரனைப் பாட்டி மன்னித்தாரா என்று எந்த வாசகரும் கேட்பதில்லை. நட்பில் அது கேட்டுப் பெற வேண்டியதாகிறது. நாவலின் கடைசிப் பக்கங்கள் முழுதும் அந்தக் கேள்வியே. கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ போன்ற தமிழ்ச் சிறுவர் படைப்புகளைப் பயில்வோர் இந்த வேறுபாட்டை அங்கும் பொருத்திப் பார்க்க இடமுண்டு.

ராஜத்துக்குப் பரிசாகச் சுவாமி தேர்ந்தெடுப்பது ஆண்டர்சனின் தேவதைக் கதை நூல். தந்தை முன்னொரு காலத்தில் சென்னையில் அவனுக்கு வாங்கித் தந்தது. ஒலிக்க முடியாத, தெரியாத ஆங்கிலச் சொற்கள் மிகுந்திருந்ததால் அவனால் அதைப் படித்து முடிக்க இயன்றதே இல்லை. முதல் தாளில் அன்பு நண்பனுக்கு என்று எழுதி எடுத்துச் செல்கிறான். விடியற்காலை ரயில் நிலையத்தில் நேரில் கொடுக்கத் துணிவு வரவில்லை. வண்டி நகரும்போது மணி அதை வாங்கி ராஜத்திடம் சேர்க்கிறான். சக்கரங்களின் ஓசையில் ராஜம் சொன்னது கேட்கவில்லை. அவன் கடிதம் எழுதுவான் என்று மணி சொல்கிறான். அதுவரை எவரும் எளிதில் கண்டுகொள்ளக்கூடியதாக இருந்த மணியின் முகத்தில், முதன்முறையாக எதையும் படித்தறிய முடியவில்லை.

நாராயண் முதன்முதல் மனக்கண்ணில் கண்ட அச்சிறு நிலையத்தில்தான் கதை முடிகிறது. மணி பொய் சொன்னானா என்ற கேள்விக்குப் பாடத்தில் விடை இல்லை. ஆம் என்போர் மணியை நல்ல நண்பன் என்பர். இல்லை என்போர் ராஜத்தை நல்லவன் என்பர். ஒரே வகுப்பில் இரு கட்சிகளும் அமர்ந்து வாதிட்டால் ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது நலம். இவ்வாதத்தினூடே எழக்கூடிய மற்றொரு வினா, ஆங்கிலம் படிக்கத் திணறிய அனுபவம் உள்ள பிள்ளைகளுக்கே எளிதில் தோன்றுவது: தன்னால் படிக்க முடியாத புத்தகத்தைச் சுவாமி ஏன் கொடுத்தான்? வேண்டாத பொருளைத் தள்ளிவிட்டான் என்று சிலர் சொல்லலாம். தன்னிடம் உள்ளவற்றுள் ராஜத்துக்குத் தகுதியானது அது ஒன்றே என்று எண்ணினான் என்று வேறு சிலர் சொல்லலாம். ராஜத்தின் ஆங்கிலம்தானே அவனை முதலில் மயக்கியது. ராஜம் அதைத் திறந்தானா, திறந்தால் முதல் தாளில் இருந்த கையெழுத்தைக் கண்டானா, அது சுவாமி படிக்காத நூல் என்பது அவனுக்குத் தெரிந்திருக்குமா என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள்.